அடிப்பதற்கு முன் ஒரு படம்

என் செல்போனில் இப்போது நாலாயிரத்துக்கு மேல் பூச்சிப் படங்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் படம் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்று வீட்டில் குறை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் வவுச்சரும் லெட்ஜருமாக இருந்தவனுக்கு இந்த வயதில் எதற்கு இந்தப் படப் பைத்தியம் என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆசையில் வந்த பழக்கம் இல்லை இது, ஒரு தப்பில் வந்தது. பாடத்துக்குள் போகும் முன் அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2017ல் ஓய்வு பெற்று, திண்டுக்கல் மாவட்டத்தில் அப்பா விட்டுப்போன இரண்டேகால் ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்துக்கு வந்து சேர்ந்தேன். மறு வருடம் தை மாதம். நடுவில் கத்தரி, சுற்றிலும் வரப்போரம் தட்டைப்பயறு. தட்டைப்பயறில் அசுவினி வரும், அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும், வந்த பொறிவண்டு கத்தரிக்கும் காவல் இருக்கும் என்று ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்தேன். சொன்னபடியே அசுவினி வந்து கொழுந்திலும் பிஞ்சுக் காயிலும் கருப்பாக அப்பிக்கொண்டது. பொறிவண்டைத்தான் காணோம். அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. கருப்பு உடம்பு, முதுகில் மஞ்சள் திட்டு, ஆறு காலில் குடுகுடுவென்று ஓடுகிறது, பார்க்க ஒரு குட்டி முதலை மாதிரி. செடிக்கு நாலு, ஐந்து இருந்தன.

களை எடுக்க வரும் அக்கா ஒருவர், "ஐயா, இது இலையத் திங்கல, பேனைத்தான் திங்கிது போலருக்கு" என்றார். நான் காதில் வாங்கவில்லை. பட்டம் வாங்கியவன், பயிற்சி எடுத்தவன் அல்லவா! இரண்டு நாள் குத்தவைத்து உட்கார்ந்து அந்தப் புழுக்களைப் பொறுக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றிய பெயின்ட் டப்பாவில் போட்டேன். தப்பியதற்கு வேப்பெண்ணெய்க் கரைசலும் அடித்தேன். ஒரு வாரத்தில் தட்டைப்பயறு முழுக்க அசுவினி. அது கழிக்கும் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் படர்ந்து செடியே கரி பூசினாற்போல ஆனது. கத்தரிக்கும் ஏறியது. தட்டைப்பயறில் ஒரு கிலோகூடத் தேறவில்லை. கத்தரியில் முதல் இரண்டு பறிப்பு போயிற்று.

நாலு மாதம் கழித்து வேறொரு கூட்டத்தில், சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் குட்டி முதலைதான் பொறிவண்டின் குழந்தை. சிவப்பாய், உருண்டையாய், புள்ளி வைத்து, சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் பிடித்துப் போடுவோமே, எனக்குத் தெரிந்த பொறிவண்டு அந்த ஒரு உருவம்தான். அது பிறக்கும்போதே அப்படிப் பிறப்பதில்லை என்ற எண்ணமே வரவில்லை. ஒரு புழு வண்டாக மாறுவதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்று தீர்த்துவிடும். பெயின்ட் டப்பாவில் எத்தனை போட்டேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை. நல்ல வேளை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. படம் எடுத்துப் பார்க்காமல் எந்தப் பூச்சியையும் நசுக்குவதில்லை, எந்தக் கரைசலையும் கலக்குவதில்லை. வங்கியில் கையெழுத்தை ஒத்துப் பார்க்காமல் செக்கைப் பாஸ் பண்ண மாட்டோம். அதே மாதிரிதான். நம்முடைய விரட்டிகள் இயற்கையானவை என்பதால் அடித்தால் தோஷமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வேப்பெண்ணெயும் சோப்பும் சேர்ந்த கரைசல் பொறிவண்டின் புழு மேல் நேராகப் பட்டால் அதுவும்தான் சாகும். 'இது நம்ம ஆளு' என்று கரைசலுக்குத் தெரியாது.

கையில் என்ன வேண்டும்

பெரிய கேமரா வேண்டாம். வைத்திருக்கும் செல்போன் போதும். அதன் மேல் கவ்விக்கொள்கிற மாதிரி ஒரு மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. துணி காயப்போடும் கிளிப் போல இருக்கும். செல்போனில் இரண்டு மூன்று கேமரா கண் இருந்தால், எது முதன்மைக் கண்ணோ அதன் மேல் சரியாக உட்கார வேண்டும். ஒரு இழை தள்ளி உட்கார்ந்தாலும் படத்தின் ஓரம் இருட்டாக வரும். இந்த லென்ஸ் போட்டால் பூச்சிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கத்தில் போனால்தான் தெளிவு கிடைக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரு முழம் தள்ளி நின்று எடுத்துவிட்டு, லென்ஸ் மோசம் என்று தூக்கிப் போடுகிறார்கள்.

செல்போனைப் பூச்சிக்கு எதிரில் பிடித்து, திரையைத் தொட்டுத் தொட்டு ஃபோகஸ் தேடாதீர்கள். பூச்சியின் மேல் ஒரு தடவை தொட்டு நிறுத்திவிட்டு, உங்கள் உடம்பையே கொஞ்சம் முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். அப்படி நகரும்போதே பத்துப் பதினைந்து படம் அடித்துத் தள்ளுங்கள். அதில் ஒன்று தேறும். எனக்கு இன்றும் பத்துக்கு ஒன்றுதான் தேறுகிறது. விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்கும் ஜூம் வேண்டாம், படம் புள்ளி புள்ளியாக உடைந்துபோகும். எடுத்த பிறகு தேவையான இடத்தை வெட்டிக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு சாமான்கள். ஒன்று, மடித்துச் சட்டைப்பையில் வைக்கிற மாதிரி ஒரு துண்டு கிராஃப் தாள். பூச்சிக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து ஒரு படம் எடுத்தால், அது எத்தனை மில்லிமீட்டர் என்று சண்டை இல்லாமல் சொல்லிவிடலாம். திரையில் எல்லாப் பூச்சியும் யானை மாதிரிதான் தெரியும். இன்னொன்று வெள்ளை அட்டை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். வெயில் அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அதைப் பிடித்தால் நிழல் விழுந்த பக்கத்துக்கும் வெளிச்சம் போகும். ஃப்ளாஷ் போட்டால் பொறிவண்டின் முதுகில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்து புள்ளிகள் மறைந்துபோகும். புள்ளியும் கோடும்தானே அடையாளம்!

எடுக்கும் நேரம்

விடிந்ததும் ஆறு மணியிலிருந்து எட்டு வரை. பூச்சிக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. வெயில் ஏறி உடம்பு காய்ந்தால்தான் அதற்குச் சுறுசுறுப்பு வரும். மார்கழி, தை மாதங்களில் பனி சொட்டச் சொட்டத் தட்டான் செடி நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும், இரண்டு விரல் தூரத்தில் போனாலும் பறக்காது. பத்து மணிக்கு அதே தட்டானைப் பத்தடிக்குள் நெருங்க முடியாது. பகலில்தான் எடுப்பேன் என்றால் ஒரு வழி உண்டு. சில வகைத் தட்டான் ஒரு குச்சி நுனியைப் பிடித்துக்கொண்டால் இரை பிடிக்கப் பறந்தாலும் திரும்ப அதே குச்சிக்கு வரும். பறந்த தட்டானைத் துரத்தாமல் குச்சிக்குப் பக்கத்தில் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.

காற்றுதான் நம் பெரிய விரோதி. இடது கையால் செடியின் தண்டைப் பூச்சி இருக்கும் இடத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, செல்போன் பிடித்த வலது கையை அந்த இடது மணிக்கட்டின் மேலேயே ஊன்றிக்கொண்டால், செடி ஆடினாலும் கேமராவும் கூடவே ஆடும், படம் கலங்காது. உங்கள் நிழல் பூச்சி மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் விழுந்தால் ஏதோ பறவை வந்துவிட்டது என்று கீழே உதிர்ந்துவிடும். விடிகாலையில் வரப்பில் முட்டி போடும் முன் குச்சியால் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்காருங்கள். எலி வேட்டைக்கு வந்தவர் வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே படுத்திருக்கலாம்.

இரவுக்கும் தனி வேலை இருக்கிறது. தரை வண்டுகள், ஓடி வேட்டையாடும் சிலந்திகள் எல்லாம் இரவு ஷிஃப்ட். டார்ச்சை நெற்றிக்கு நேராக, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து நிலத்தைப் பார்த்தால், அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் திரும்பி மின்னும். பக்கத்தில் போனால் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். சிலந்தி பூச்சியினத்தில் சேராது, அதற்கு எட்டுக் கால். ஆனால் நம் சம்பளப் பட்டியலில் சேர்க்க வேண்டிய ஆள்தான். மூடாக்குப் போட்ட பாத்தியிலும் போடாத பாத்தியிலும் ஒரே இரவில் இப்படிப் பார்த்துவிட்டு வாருங்கள். மூடாக்கின் அருமையை யாரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியிருக்காது.

ஒரு பூச்சிக்கு நாலு படம்

வங்கியில் கடன் கொடுக்கும் முன் ஆளை மட்டும் பார்க்க மாட்டோம். வீடு, நிலம், தொழில் எல்லாம் பார்ப்போம். பூச்சியையும் அப்படித்தான் படம் எடுக்க வேண்டும். முதலில் கொஞ்சம் தள்ளி நின்று செடி முழுதும் தெரிகிற மாதிரி ஒன்று. அடுத்து பூச்சி உட்கார்ந்திருக்கும் இலை, அதன் அடிப்பக்கத்தோடு. பிறகு பூச்சியை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும். கடைசியாக, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது. வாயில் இரை இருக்கிறதா, இலையைச் சுரண்டுகிறதா, சும்மா இருக்கிறதா? இதற்குப் பத்து விநாடி வீடியோ எடுப்பது நல்லது. பூச்சியின் குற்றமும் குற்றமின்மையும் அதன் வாயில்தான் இருக்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தில் நானே ஒரு தடவை சறுக்கினேன். தட்டைப்பயறு சம்பவத்துக்குப் பிறகு எனக்குப் பொறிவண்டு மேல் ஒரு குற்ற உணர்ச்சிப் பாசம். 2020 என்று ஞாபகம். கத்தரி இலையில் புள்ளி வைத்த வண்டுகள் வந்தன. ஆகா, வந்துவிட்டார்கள் என்று மேலிருந்து அழகாக ஒரு படம் எடுத்து, நாலு பேருக்கு அனுப்பிவிட்டு விட்டுவிட்டேன். பத்து நாளில் இலையெல்லாம் சல்லடை. வந்தது எபிலாக்னா என்கிற கத்தரிப் புள்ளி வண்டு. அதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் சைவம். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும். இருபத்தெட்டுப் புள்ளி இருக்கும் என்பது புத்தகக் கணக்கு. வயலில் நின்று புள்ளி எண்ண முடியாது, படத்தில் எண்ணலாம். அதைவிட எளிய அடையாளம், நல்ல பொறிவண்டின் முதுகு மெழுகு பூசியது போல மின்னும். எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய ரோமம் இருப்பதால் மங்கலாக இருக்கும். புழுவும் வேறு. எபிலாக்னா புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளை விட்ட முள்ளோடு, மந்தமாக இலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஆளோ இரை தேடி ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்று நான் எடுத்த படத்தை இப்போது எடுத்துப் பார்த்தால், வண்டுக்குப் பக்கத்திலேயே ஏணிப்படி மாதிரி சுரண்டிய தடம் தெரிகிறது. படத்தில் இருந்தது. நான்தான் வண்டின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், இலையையும் சேர்த்து எடுங்கள்.

ஆள் மாறாட்டம்

கடன் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த வார்த்தை நன்றாகத் தெரியும். வயலிலும் அது நிறைய நடக்கிறது. இதில் கெட்டவன் நல்லவன் வேஷம் போடுவதைவிட, நல்லவன் கெட்டவனைப் போல இருந்து நம்மிடம் அடிபட்டுச் சாவதுதான் அதிகம்.

வெள்ளை மாவு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பப்பாளி மாவுப்பூச்சி நம் நாட்டில் முதலில் தென்பட்டது 2008ல், கோயம்புத்தூரில். அப்போது நான் கிளையில் வேளாண் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். பப்பாளிக்காரர்கள், மல்பெரி போட்டவர்கள், மரவள்ளிக்காரர்கள் என்று தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டு வந்தவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை. எந்த மருந்தும் கேட்கவில்லை. மாவு போர்வையைத் தாண்டி மருந்து உள்ளே போகாது. 2010ல் போர்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒரு பொடிக் குளவியைக் கொண்டுவந்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்று முடிக்கும் ஒட்டுண்ணி அது. கோப்புகளில் நான் பார்த்த அளவில், மருந்துக் கடைக்குப் போன பணத்தால் ஆகாத காரியம் அந்தக் குளவியால் ஆனது.

அந்த மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் உள்ளூர் வேட்டைக்காரர்களும் இருப்பார்கள். மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளையாக, ஆனால் இன்னும் நீளமான மெழுகு இழைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு புழு இருந்தால், அது கிரிப்டோலீமஸ் எனும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். 1898லேயே நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த வண்டு கருப்பு முதுகும் ஆரஞ்சுத் தலையுமாக நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும். புழுவோ அதைவிட நீளமாக, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். மாவுப்பூச்சி அவ்வளவு பெரிதாக வளராது. கிராஃப் தாளை வைத்து எடுத்த ஒரு படத்திலேயே வழக்கு தீர்ந்துவிடும். சந்தேகமென்றால் ஒரு புல்லால் லேசாகத் தொட்டு வீடியோ எடுங்கள். மாவுப்பூச்சி அசமந்தமாகக் கிடக்கும், இது ஓடும்.

அதே கூட்டத்தில் இன்னொரு அதிசயம் உண்டு. பட்டாம்பூச்சியின் புழு என்றால் இலை தின்னும் என்றுதானே நினைப்போம்? ஸ்பால்ஜிஸ் என்ற ஒரு சின்னப் பழுப்புப் பட்டாம்பூச்சியின் புழு மாவுப்பூச்சியைத் தின்கிறது. அது கூட்டுப்புழுவாகும்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அசல் குரங்கு முகம். கண், மூக்கு எல்லாம் இருக்கும். என் பேத்திக்கு அனுப்பிய பூச்சிப் படங்களிலேயே அவள் பதில் போட்டது இதற்கு மட்டும்தான்.

வேட்டை நாவாய்ப்பூச்சி இன்னொன்று. சிவப்பும் கருப்புமாக இருப்பதால் பருத்தியிலும் வெண்டையிலும் வரும் சிவப்பு நாவாய்ப்பூச்சி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். இதைப் பக்கவாட்டில் படம் எடுக்க வேண்டும். தலைக்குக் கீழே இருக்கும் ஊசிமூக்கு குட்டையாக, தடிமனாக, கொக்கி போல வளைந்திருந்தால் அது வேட்டைக்காரன். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மெல்லிய நீண்ட மூக்கு, வயிற்றோடு ஒட்டி நேராகப் படுத்திருக்கும். கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். அந்தக் கொக்கி நம் விரலிலும் இறங்கும். எனக்கு ஒரு தடவை இறங்கியது, சாயங்காலம் வரை கடுத்தது.

தேனீ மாதிரி மஞ்சள் கருப்புப் பட்டையோடு, அந்தரத்தில் ஆணி அடித்தாற்போல நின்று பறப்பது தேனீ அல்ல, ஒரு வகை ஈ. படத்தில் இறக்கையை எண்ணுங்கள். ஈக்கு இரண்டு, தேனீக்கும் குளவிக்கும் நாலு. இந்த ஈயின் புழுவுக்குக் கால் கிடையாது, கண் கிடையாது. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் தலையை இப்படியும் அப்படியும் துழாவி, கிடைத்ததைக் கவ்வித் தூக்கி உறிஞ்சிவிட்டுத் தோலைப் போடும். பார்க்க ஒரு சின்ன அட்டை மாதிரி அருவருப்பாக இருப்பதால் நசுங்கிச் சாகும் பட்டியலில் இதற்கு முதலிடம்.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலையில் தலைமுடியைவிட மெல்லிய காம்புகள் எழுந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஏதோ பூசணம் முளைத்திருக்கிறது என்று இலையைக் கிள்ளிப் போடுவார்கள். அது முட்டை. வெளிவரும் புழு அரிவாள் போன்ற இரண்டு கொடுக்குகளால் அசுவினியைக் குத்தி உறிஞ்சும். பசித்தால் கூடப்பிறந்ததையும் விடாது. சின்ன வயதில் மணலில் குழி பறித்து உட்கார்ந்திருக்கும் குழியானையைப் பிடித்து விளையாடியிருப்பீர்கள். அதற்கு இது பங்காளி முறை. இரண்டின் கொடுக்கையும் அடுத்தடுத்துப் படம் எடுத்தால் சொந்தம் தெரியும். இந்த முட்டைப் படத்துக்குப் பின்னணி முக்கியம். பச்சை இலைக்கு எதிரே பிடித்தால் காம்பு தெரியாது. பின்னால் கருப்புத் துணியோ உங்கள் நிழலோ இருக்கட்டும்.

கும்பிடு பூச்சியைப் பற்றிப் பெரிதாக எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஆள், படத்துக்கு நன்றாக நிற்கும், தலையைத் திருப்பி நம்மையே பார்க்கும். ஆனால் அதற்கு நன்மை தீமை கணக்கெல்லாம் கிடையாது, தேனீ கிடைத்தால் தேனீயையும் தின்னும்.

படத்தை வைத்து என்ன செய்வது

எடுத்ததோடு விட்டால் வெறும் பொழுதுபோக்கு. நான் வாரம் ஒரு நாள், வயலில் ஐந்து இடம், இடத்துக்கு நாலு செடி, மொத்தம் இருபது செடி பார்ப்பேன். ஒவ்வொரு செடியிலும் கண்டதைப் படம் எடுத்து, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பெரிதாக்கி எண்ணி நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுவேன். இடது பக்கம் பயிரைத் தின்பவை, வலது பக்கம் அவற்றைத் தின்பவை. பற்று வரவு மாதிரிதான். ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் சொல்லிக்கொடுக்கும் கணக்கில், பொதுவாக இரண்டு தீமைப் பூச்சிக்கு ஒரு காவல் பூச்சி இருந்தால் கை வைக்கத் தேவையில்லை. எல்லாப் பூச்சிக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஒரு பொறிவண்டுப் புழு இரண்டு அசுவினியோடு நிறுத்திக்கொள்வதில்லையே! ஆனால் கலக்கிய கரைசலோடு நிற்பவனை ஒரு நிமிடம் நிறுத்த இந்தக் கணக்கு போதும்.

எண்ணிப் பார்ப்பது அற்பமான விஷயம் இல்லை. இந்தோனேசியாவில் மருந்து அடிக்க அடிக்க நெல்லில் புகையான் பெருகிக்கொண்டே போனது. மருந்தில் முதலில் செத்தவை புகையானின் முட்டையைக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் புகையானைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும்தான். 1986ல் அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். பிறகு 1989லிருந்து உழவர் வயல்வெளிப் பள்ளிகள் நடந்தன. உழவர்கள் காலையில் வயலில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, பெரிய தாளில் நடுவில் நெற்பயிரை வரைந்து, சுற்றிலும் தாங்கள் கண்ட தீய பூச்சிகளையும் அவற்றின் எதிரிகளையும் வரைந்து, அதை வைத்துத்தான் என்ன செய்வது என்று பேசினார்கள். அவர்கள் கையால் வரைந்தார்கள். நம் கையில் செல்போன் இருக்கிறது.

அடையாளம் காண இப்போது செயலிகள் இருக்கின்றன. ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றில் படம் போட்டால் பூச்சி தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். எந்திரம் தானாகச் சொல்லும் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். வளர்ந்த பூச்சியை ஓரளவு சரியாகச் சொல்கிறது, புழுப் பருவத்தில் தடுமாறுகிறது. நாம் தப்புப் பண்ணுவதும் புழுப் பருவத்தில்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் சுருங்கி, நீங்கள் பாடுபட்டு எடுத்த ரோமமும் முள்ளும் காணாமல் போய்விடும். தேதியும் பயிரும் ஒரு வரி எழுதுங்கள். தேதி இல்லாத படமும் தேதி இல்லாத வவுச்சரும் ஒன்றுதான்.

படத்துக்காகப் பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயக்குவது, பசை தடவி ஒட்டுவது, இரையைக் கொண்டுபோய் வாயில் வைப்பது எல்லாம் சிலர் செய்கிறார்கள். நமக்கு வேண்டாம். நாம் எடுப்பது போட்டிக்கு இல்லை. ஜோடித்த படத்தை நம்பி அடுத்தவன் பயிரில் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கதையோடு முடித்துக்கொள்கிறேன். எழுபது தாண்டியவர், ரசாயன விவசாயம்தான், என்னைப் "பேங்க்காரரே" என்றுதான் கூப்பிடுவார். போன மாசியில் அவருடைய கொய்யாவில் மாவுப்பூச்சி. மகன் விசைத்தெளிப்பானில் மருந்து கலக்கி முதுகில் மாட்டியாகிவிட்டது. நான் வேலியோரம் போய், "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று கேட்டு, நாலு கிளையில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். வெள்ளைக்கு நடுவில் நீள இழையோடு ஆறேழு புழு. ஒன்று மாவுப்பூச்சியை வாயில் வைத்திருந்தது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுவும் பூச்சிதானேய்யா?"

"பூச்சிதாண்ணே. உங்க பூச்சியத் திங்கிற பூச்சி."

"நீ சொல்றது பொய்யாப் போச்சுன்னா காய்க்கு யாரு பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. என் நிலம் இல்லை, என் காசு இல்லை. பேங்க்கில் இருந்தபோது ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்! ஒரு வழி பேசினோம். புழு இருந்த நாலு மரத்தை விட்டுவிடுவது, மற்றதற்கு அவர் விருப்பம். அவர் மற்ற மரங்களுக்கு அடித்தார். நான் தினம் காலையில் போய் அந்த நாலு மரத்தில் அதே கிளைகளைப் படம் எடுத்து அவருக்குக் காட்டினேன். ஆறாம் நாள் வரை எனக்கே வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் இருந்தது, வெள்ளை குறைந்த மாதிரியே இல்லை. ஒன்பதாம் நாள் படத்தையும் முதல் நாள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது. மூன்று வாரத்தில் மூன்று மரம் சுத்தம். நாலாவது மரத்தில் எறும்பு ஏறிக்கொண்டே இருந்தது. மாவுப்பூச்சியின் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று, வேட்டைக்காரனை விரட்டும். அந்த மரத்தைக் கடைசியில் அவர் அடித்துவிட்டார். அடிமரத்தில் முதலிலேயே பிசின் பட்டை சுற்றி எறும்பைத் தடுத்திருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை. எறும்பு என் முதல் நாள் படத்திலேயே இருந்தது.

அண்ணன் இன்னும் இயற்கைக்கு வரவில்லை. ஆனால் இப்போது விடிகாலை ஆறு மணிக்கு என் செல்போன் இரண்டு தடவை கிணுங்கும். எடுத்துப் பார்த்தால், பாதி கட்டைவிரலும் பாதி கொய்யா இலையுமாகக் கலங்கிப்போன ஒரு படம், கூடவே ஒரு குரல் பதிவு: "பேங்க்காரரே, இது எந்தக் கட்சி?"